சர்ஃப் ராக்: கடலின் பெயரைச் சூடிய கிட்டார் இசை எங்கிருந்து வந்தது?

2025 ஜூன் 11 அன்று ப்ரையன் வில்சன் காலமானார். பீச் பாய்ஸ் என்ற அமெரிக்கப் பாடல் குழுவின் மூளையாக இருந்தவர். அவருக்கு எழுதப்பட்ட அஞ்சலிகளில் ‘சர்ஃப் இசை’ என்ற சொல் தவறாமல் வந்தது. சர்ஃப் என்றால் கரையில் உடையும் கடலலை; அதில் பலகையேறிச் சறுக்கும் அலைச்சறுக்கு விளையாட்டிலிருந்து வந்த பெயர். அதைப் படித்துவிட்டு ‘சர்ஃப் ராக்’ என்று தேடிப் பார்த்த பலருக்குக் குழப்பம். தேடினால் கிடைப்பது ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ படத்தின் தொடக்கத்தில் வெடித்துக் கிளம்பும் கிட்டார். அதில் பாடகரே இல்லை. மெட்டும் அமெரிக்க மெட்டு மாதிரி இல்லை. ஏதோ ஒரு அரபுக் கல்யாண வீட்டில் வாசிப்பது போலிருக்கிறது. பீச் பாய்ஸ் பாட்டிலோ ஐந்து குரல்கள் ஒன்றோடொன்று இழைந்து வெயிலையும் விடுமுறையையும் பாடுகின்றன. இந்த இரண்டும் எப்படி ஒரே இசை?

ஒரே இசை இல்லை. இடமும் காலமும் ஒன்று, ஒட்டிய பெயர் ஒன்று, அவ்வளவுதான்.

ஒரு பெயரில் மூன்று சரக்கு

இன்று ‘சர்ஃப்’ என்று சொல்லப்படுவதை இப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

1. கருவியிசை சர்ஃப். 1961 முதல் 1964 வரை தெற்குக் கலிஃபோர்னியாவில் உச்சத்தில் இருந்தது. வரிகள் கிடையாது, கிட்டார்தான் பாடகர். டிக் டேல், பெல்‑ஏர்ஸ், சான்டேஸ், சர்ஃபாரிஸ் ஆகியோர் இந்த வகை.

2. குரல் சர்ஃப். பீச் பாய்ஸ், ஜான் அண்ட் டீன். அலைச்சறுக்கைப் பற்றிய பாடல்கள், பல குரல் இசைவு, சக் பெர்ரி பாணி ராக் அண்ட் ரோல்.

3. 2009ஐ ஒட்டி வந்த அமெரிக்க இண்டி (பெரிய நிறுவனங்களைச் சாராத) குழுக்களின் மங்கலான, எதிரொலி நிறைந்த பாடல்கள். இதற்கும் முதல் வகைக்கும் உள்ள உறவு தூரத்து உறவு.

இந்தக் கட்டுரை பெரும்பாலும் முதல் வகையைப் பற்றியது. காரணம், ‘சர்ஃப் ஒலி’ என்று இன்று உலகம் அடையாளம் காணும் அந்த ஈரமான, அதிரும் கிட்டார் பிறந்தது அங்கேதான். என் பார்வையில் அந்த ஒலிக்கும் கடலுக்கும் இருந்த தொடர்பு மிகக் குறைவு. பெரிய நடன அரங்கு, அதை நிரப்பப் போதாத ஆம்ப்ளிஃபயர், குடியேறிய குடும்பம் ஒன்றின் மெட்டு, இந்த மூன்றும்தான் அதை உண்டாக்கின. கடல் பெயர் கொடுத்தது. அந்தப் பெயரே பிறகு வினையாகவும் ஆனது.

முன்பே இருந்தவை

1950களின் கடைசியில் பாடகர் இல்லாத கிட்டார் இசைத்தட்டுகள் அமெரிக்காவில் நன்றாக விற்றன. 1958இல் லிங்க் ரேயின் ‘ரம்பிள்’ வந்தது, டுவேன் எட்டியின் ‘ரெபல் ரவுசர்’ வந்தது. 1960இல் வாஷிங்டன் மாநிலத்து டகோமாவைச் சேர்ந்த வென்ச்சர்ஸ் குழு, ஜானி ஸ்மித் என்ற ஜாஸ் கலைஞரின் ‘வாக், டோன்ட் ரன்’ மெட்டை எளிமையாக்கி வாசித்து, அமெரிக்காவின் வெற்றிப் பாடல் வரிசையான பில்போர்டு பட்டியலில் இரண்டாம் இடம்வரை போனது. பள்ளி வயதுப் பையன்களுக்கு இது பெரிய செய்தி. நல்ல குரல் உள்ளவனைத் தேட வேண்டாம், வரிகள் எழுத வேண்டாம். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ், முடிந்தால் ஒரு சாக்ஸபோன் இருந்தால் போதும்.

இன்னொரு பக்கம் அலைச்சறுக்கு பரவிக்கொண்டிருந்தது. கனமான மரப்பலகைகளுக்குப் பதிலாக 1950களின் இறுதியில் பாலியூரிதேன் நுரையில் செய்த இலகுவான பலகைகள் வந்தன. 1959இல் ‘கிட்ஜெட்’ என்ற ஹாலிவுட் படம் மாலிபு கடற்கரை வாழ்க்கையை ஊரறியச் செய்தது. ஆனால் அப்போது அலைச்சறுக்குக்காரர்களுக்கு என்று தனி இசை எதுவும் இல்லை. 1958இல் ப்ரூஸ் ப்ரவுன் எடுத்த முதல் அலைச்சறுக்குப் படத்துக்கு இசை கொடுத்தவர் பட் ஷாங்க் என்ற ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர். கடலைப் பார்த்ததும் அதிரும் கிட்டார் இயல்பாகத் தோன்றிவிடாது என்பதற்கு இதுவே சாட்சி.

பால்போவாவின் நடன அரங்கு

டிக் டேலின் இயற்பெயர் ரிச்சர்ட் மன்சூர். 1937இல் பாஸ்டனில் பிறந்தார். தந்தை லெபனான் வழி, தாய் போலந்து வழி. 1954இல் குடும்பம் தெற்குக் கலிஃபோர்னியாவின் எல் செகுண்டோவுக்குக் குடிபெயர்ந்தது. டேல் இடக்கைக்காரர். வலக்கைக்காரருக்காகத் தந்தி கட்டிய கிட்டாரையே தலைகீழாகப் பிடித்து வாசித்தார். தடித்த தந்தி கீழே, மெல்லிய தந்தி மேலே. அலைச்சறுக்கும் உண்மையிலேயே செய்தவர்.

நியூபோர்ட் பீச் பக்கத்தில் பால்போவா தீபகற்பத்தில் ராண்டேவூ பால்ரூம் என்ற பெரிய அரங்கு இருந்தது. பெரிய ஜாஸ் வாத்தியக் குழுக்கள் கோலோச்சிய பிக் பேண்ட் காலத்தில் கொடிகட்டிப் பறந்து, பிறகு ஓய்ந்து கிடந்த இடம். டேலும் அவர் தந்தையும் அங்கே ராக் நடன நிகழ்ச்சி நடத்த அனுமதி கேட்டபோது நகர நிர்வாகம் தயங்கியது. மது கிடையாது, ஆண்கள் டை கட்டி வர வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் அனுமதி கிடைத்ததாம். வெறுங்காலோடு திரியும் கடற்கரைப் பையன்களுக்கு வாசலில் டை கொடுத்து உள்ளே அனுப்பியதாக டேல் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1961க்குள் வார இறுதிகளில் ஆயிரக்கணக்கானோர் கூடினார்கள். அவர்கள் ஆடியது ‘ஸ்டாம்ப்’, அதாவது மரத்தரையில் ஓங்கி மிதிக்கும் ஆட்டம்.

இங்கேதான் பிரச்சினை தொடங்கியது. இன்றுபோல் எல்லாக் கருவிகளையும் ஒரே ஒலிபெருக்கி அமைப்பில் சேர்த்து ஒலிக்கவிடும் வசதி அப்போது கிடையாது. கிட்டாரின் சத்தம் மேடையில் இருக்கும் ஆம்ப்ளிஃபயரிலிருந்து மட்டுமே வர வேண்டும். ஆயிரம் கால்கள் தரையை மிதிக்கும்போது அது எடுபடவில்லை. டேல் சத்தத்தைக் கூட்டினார். ஸ்பீக்கர்கள் கிழிந்தன, சில புகைந்தன.

பக்கத்து ஊரான ஃபுல்லர்டனில்தான் லியோ ஃபெண்டரின் கிட்டார் தொழிற்சாலை. ஃபெண்டருக்குக் கிட்டார் வாசிக்கத் தெரியாது. வாசிப்பவர்களிடம் கொடுத்து, உடைத்துக்கொண்டு வரச்சொல்லி, திருத்துவது அவர் வேலைமுறை. டேலைவிட நல்ல உடைப்பாளி அவருக்குக் கிடைத்திருக்க முடியாது. ஃபெண்டரும் அவருடைய உதவியாளர் ஃப்ரெடி டவாரஸும் அரங்குக்கே வந்து கூட்டத்தின் நடுவில் நின்று கேட்டார்கள். அதன் பிறகு பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த ‘ஷோமேன்’ ஆம்ப்ளிஃபயரும் 15 அங்குல ஜேபிஎல் ஸ்பீக்கரும் சேர்ந்த அமைப்பு உருவானது. பின்னாளில் ஹெவி மெட்டல்காரர்கள் டேலைத் தங்கள் மூதாதையாகக் கொண்டாடுவதற்கு அடிப்படை இந்தச் சத்த வேட்டைதான்.

1961இல் ‘லெட்ஸ் கோ ட்ரிப்பின்’ வந்தது. முதல் சர்ஃப் கருவியிசைத் தட்டு என்று பலரும் இதைத்தான் சுட்டுகிறார்கள். அதே ஆண்டு சவுத் பே பகுதியின் பெல்‑ஏர்ஸ் குழு ‘மிஸ்டர் மோட்டோ’வை வெளியிட்டது. யார் முதல் என்ற சண்டை ரசிகர்களிடையே இன்றும் ஓயவில்லை. எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒரே கடற்கரையின் இரண்டு முனைகளில் ஒரே நேரத்தில் நடந்தது என்பதே போதுமான தகவல்.

அந்த ஒலி எப்படி வருகிறது?

1. இரட்டை பிக்கிங். ஒரே தந்தியில் பிக்கை, அதாவது தந்தியைத் தட்டும் சிறு வில்லையை, மேலும் கீழுமாக இடைவிடாமல் ஓட்டுவது. ‘மிஸிர்லூ’வில் விநாடிக்குப் பத்துக்கும் மேற்பட்ட தட்டுகள் விழுகின்றன. டேல் சிறுவயதில் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூபாவின் வெறியர். அந்த உருட்டலைத்தான் கிட்டாரில் கொண்டுவர முயன்றதாகச் சொல்வார். வழக்கத்தைவிட மிகத் தடித்த தந்திகளைக் கட்டியிருந்ததால் பிக்குகள் ஒரு பாட்டுக்குள்ளேயே தேய்ந்துபோகும்.

2. உரத்த, ஆனால் சுத்தமான ஒலி. இது முக்கியம். இன்று உரத்த ராக் கிட்டார் என்றால் கரகரப்பு, அதாவது டிஸ்டார்ஷன் நினைவுக்கு வரும். சர்ஃபில் அது கிடையாது. ஒவ்வொரு தட்டும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். ஃபெண்டரின் பெரிய ஆம்ப்ளிஃபயர்கள் சத்தம் கூடினாலும் ஒலி உடையாமல் தாங்கின. ஸ்ட்ராட்டோகாஸ்டர், ஜாஸ்மாஸ்டர், 1962இல் வந்த ஜாகுவார் ஆகிய கிட்டார்களின் கூர்மையான ஒலியும் இதற்குத் தோதாக அமைந்தது.

3. ஸ்பிரிங் ரிவெர்ப். ரிவெர்ப் என்றால் ஒரு பெரிய அறையில் ஒலி சுவர்களில் மோதித் தங்கி மெல்ல அடங்குவது. அதைப் பெட்டிக்குள் போலியாக உண்டாக்க ஹேமண்ட் ஆர்கன் நிறுவனம் சுருள்கம்பிகளைப் பயன்படுத்தி வந்தது. கிட்டாரின் மின்குறிப்பு ஒரு முனையில் சுருள்களை அசைக்கும். அந்த அசைவு கம்பி நெடுக ஓடி, முனையில் மோதி, திரும்பி, மறுபடி ஓடும். மறுமுனையில் அதைப் பிடித்து மூல ஒலியோடு கலப்பார்கள். ஃபெண்டர் 1961இல் இதைத் தனிப் பெட்டியாக விற்கத் தொடங்கியது. அதில் மூன்று திருகிகள்: சுருள்களை எவ்வளவு பலமாக அசைப்பது, எவ்வளவு கலப்பது, எவ்வளவு கூர்மை. முதல் திருகியைக் கூட்டி வைத்து, உள்ளங்கை ஓரத்தால் தந்தியை லேசாக அமுக்கிக்கொண்டு பிக்கால் தட்டினால், ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் நீர் சொட்டுவது போன்ற ஒரு சத்தம் வரும். சர்ஃப் வாசிப்பவர்கள் உயிரைவிடுவது இந்தச் சொட்டுக்காகத்தான். பெட்டியைக் காலால் இடித்தால் சுருள்கள் மோதி இடி விழுந்தது போலக் கேட்கும். அதையும் இசையாகப் பயன்படுத்தியவர்கள் உண்டு.

4. சறுக்கலும் நெம்புகோலும். தந்தியின் மேல் முனையிலிருந்து கீழ்நோக்கி விரலைச் சரசரவென்று இழுப்பது அலையின் முகட்டிலிருந்து இறங்குவதாகக் கொள்ளப்பட்டது. கிட்டாரின் அடிப்பகுதியில் உள்ள கம்பியை அசைத்து ஸ்வரத்தை நடுங்கவிடுவது இன்னொரு அடையாளம்.

5. தாளம். ஸ்னேர் டிரம்மில் இரண்டாம் தட்டை இரண்டாக உடைத்து அடுத்தடுத்து அடிப்பது. இந்தச் சின்ன மாற்றம்தான் நடனத்துக்கு முன்னோக்கிய உந்துதலைத் தருகிறது.

மூன்றாவதைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை உண்டு: ரிவெர்ப் இல்லாவிட்டால் சர்ஃப் இல்லை என்பது. ‘லெட்ஸ் கோ ட்ரிப்பின்’ தட்டில் அந்த ஸ்பிரிங் ரிவெர்ப் கிடையாது. டேல் அந்தப் பெட்டியை முதலில் விரும்பியது தன் பாடும் குரலுக்கு நீட்சி கொடுக்கத்தான். பெல்‑ஏர்ஸுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு. ரிவெர்ப் பித்து பிடித்த எட்டி பெர்ட்ராண்ட் பிரிந்துபோய் எட்டி அண்ட் த ஷோமென் குழுவைத் தொடங்கினார். 1962க்கும் 1963க்கும் இடையில் ரிவெர்ப் வேண்டும் என்ற ஈரக்கட்சி வென்றது. இன்று அந்த இசையை நாம் அடையாளம் காண்பது வென்ற கட்சியின் காதுகளால்.

மிஸிர்லூவும் மாயாமாளவகௌளையும்

தமிழ் வாசகர்களில் கர்நாடக சங்கீதம் கொஞ்சமாவது கற்றவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சலுகை இருக்கிறது. மற்றவர்களுக்குப் பாடமாகச் சொல்ல வேண்டியதை அவர்கள் பாடியே பார்த்துக்கொள்ளலாம்.

‘மிஸிர்லூ’ டேலின் சொந்த மெட்டு அல்ல. கிழக்கு மத்தியதரைக் கடல் பகுதியில், கிரேக்கர், துருக்கியர், அரபியர், யூதர் எல்லோரும் தங்களுடையது என்று சொல்லும் மெட்டு. தெரிந்தவரை முதல் ஒலிப்பதிவு 1927இல் டெமெட்ரியாடிஸ் என்ற கிரேக்கப் பாடகர் அமெரிக்காவில் செய்தது. 1941இல் நிக் ரௌபானிஸ் ஜாஸ் பாணியில் அமைத்துத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டார். அதன்பின் அது அமெரிக்க ஹோட்டல் வரவேற்பறைகளின் ‘கீழைத்தேய’ மெல்லிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தது. டேலுக்கோ அது வீட்டுச் சொத்து. தந்தைவழி உறவினர்கள் ஊத் என்ற அரபுத் தந்தி வாத்தியம் வாசிக்க, அவர் தரபுக்கா என்ற கைமுரசு தட்டி வளர்ந்தவர். ஒரே தந்தியில் முழுப் பாட்டு வாசிக்க முடியுமா என்று ஒரு சிறுவன் கேட்டதாகவும், அன்று இரவு இந்த மெட்டு நினைவுக்கு வந்ததாகவும், அதைப் பல மடங்கு வேகப்படுத்தி வாசித்ததாகவும் அவர் சொல்வார். 1962இல் தட்டு வந்தது.

அந்த மெட்டின் அடிப்படை ஸ்வரங்கள்: ச, சுத்த ரிஷபம், அந்தர காந்தாரம், சுத்த மத்யமம், ப, சுத்த தைவதம், காகலி நிஷாதம். பதினைந்தாம் மேளகர்த்தாவான மாயாமாளவகௌளைதான். சரளி வரிசையில் முதல் நாள் சொல்லித்தரும் அதே ஏழு ஸ்வரங்கள். அரபு இசையில் ஹிஜாஸ் கார் என்பார்கள்; மேற்கத்திய இசையியலில் அதற்கு ‘இரட்டை ஹார்மோனிக்’ என்று பெயர். ரிஷபத்துக்கும் காந்தாரத்துக்கும் நடுவிலும், தைவதத்துக்கும் நிஷாதத்துக்கும் நடுவிலும் ஒரு பெரிய தாவல் இருக்கிறது. மற்ற இடங்களில் ஸ்வரங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. அந்த நெருக்கமும் தாவலும் மாறி மாறி வருவதால்தான் அமெரிக்கக் காதுகளுக்கு இது அபாயமும் கவர்ச்சியும் கலந்ததாகப் பட்டது.

டேல் 1963இல் ‘ஹவா நகிலா’ என்ற யூதப் பாட்டையும் இதே பாணியில் வாசித்தார். அதன் ஸ்வரக் கட்டு நிஷாதம் மட்டும் கைசிகியாக மாறிய வகுளாபரணம், பதினான்காம் மேளம். ஸ்வரங்கள் ஒன்று என்பதால் ராகம் ஒன்றாகிவிடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். கமகம் இல்லை, ராகத்தின் பிடிகள் இல்லை. கிட்டாரின் கட்டைகளில் ஸ்வரங்கள் நேர்க்கோடாக நிற்கின்றன. ஆனாலும் கலிஃபோர்னிய சர்ஃப் ஏன் சிரிக்காத முகத்தோடு ஒலிக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த மாதிரி அளவுகளில்தான் இருக்கிறது. பக்கத்திலேயே மெக்சிகோ, ஸ்பானியச் சாயல் மெட்டுகளும் தாராளமாக வந்து சேர்ந்தன.

பள்ளிப் பையன்களின் இரண்டு வருஷம்

டேல் வழிகாட்டினாலும், தேசம் முழுக்க விற்ற தட்டுகள் அவருடையவை அல்ல. சான்டா ஆனாவின் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் சேர்ந்த சான்டேஸ் குழுவின் ‘பைப்லைன்’ 1963இல் நான்காம் இடம் பிடித்தது. அதன் பெயர் ஹவாயின் புகழ்பெற்ற அலையைக் குறிக்கும். ஆனால் மெட்டு அமைத்தபோது அதற்கு வைத்த பெயர் ஒரு கௌபாய்ப் படத்து வில்லனின் சவுக்கைக் குறித்தது. அலைச்சறுக்குப் படம் ஒன்றைப் பார்த்த பிறகுதான் பெயரை மாற்றினார்கள். ஒரு ஸ்வரமும் மாறவில்லை. பெயரை மாற்றியதும் குதிரைச் சவாரி அலைச்சவாரி ஆகிவிட்டது.

க்ளெண்டோராவின் சர்ஃபாரிஸ் ‘வைப் அவுட்’டை ஒரு தட்டின் பின்பக்கத்தை நிரப்பத்தான் பதிவுசெய்தார்கள். குக்கமோங்கா என்ற உள்நாட்டு ஊரிலிருந்த பால் ஸ்டுடியோ என்னும் சிறிய பதிவுக்கூடம் அது. கடற்கரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. தொடக்கத்தில் பலகை முறியும் சத்தம், ஒரு பைத்தியக்காரச் சிரிப்பு, பிறகு ரான் வில்சனின் டிரம்ஸ். அந்த டிரம்ஸ் உருட்டல் பள்ளி அணிவகுப்பு வாத்தியக் குழுவில் அவர் அடித்துப் பழகிய தாளத்திலிருந்து வந்தது. தட்டு இரண்டாம் இடம்வரை போனது. 1966இல், சர்ஃப் மோகம் ஓய்ந்த பிறகும், மறுபடி பட்டியலில் ஏறியது. அறுபதுகளில் டிரம்ஸ் கற்ற பையன்களில் பலர் மேசையில் முதலில் தட்டிப் பார்த்தது இதைத்தான்.

கடலே இல்லாத ஊர்களிலும் பிடித்துக்கொண்டது. கொலராடோ மலைப்பகுதியின் போல்டரிலிருந்து அஸ்ட்ரோநாட்ஸ் வந்தார்கள். மினியாபொலிஸின் ட்ராஷ்மென், ரிவிங்டன்ஸ் என்ற கறுப்பினக் குரலிசைக் குழுவின் இரண்டு பாடல்களை ஒட்டவைத்து ‘சர்ஃபின் பேர்ட்’ என்று ஆக்கி நான்காம் இடம் பிடித்தார்கள்.

குரல் எங்கிருந்து சேர்ந்தது?

ஹாத்தோர்ன் ஊரின் வில்சன் சகோதரர்களில் டென்னிஸ் மட்டுமே அலைச்சறுக்குச் செய்தவர். மூத்தவர் ப்ரையனுக்குப் பிடித்தவை ஃபோர் ஃப்ரெஷ்மென் குழுவின் நெருக்கமான ஜாஸ் குரலிசைவும் சக் பெர்ரியின் கிட்டாரும். 1961 கடைசியில் ‘சர்ஃபின்’ வந்தது. 1963இன் ‘சர்ஃபின் யூ.எஸ்.ஏ.’ பெர்ரியின் ‘ஸ்வீட் லிட்டில் சிக்ஸ்டீன்’ மெட்டில் புதிய வரிகளைப் பொருத்தியது. பதிப்புரிமை பெர்ரியின் பதிப்பாளரிடம் போனது, பாடலாசிரியராகப் பெர்ரியின் பெயரும் ஏறியது. அதே ஆண்டு ஜூலையில் ஜான் அண்ட் டீனின் ‘சர்ஃப் சிட்டி’ முதலிடம் பிடித்தது. அதை எழுதியதிலும் ப்ரையனுக்குப் பங்குண்டு.

இரண்டு வகைகளும் அந்நியமாகவும் இல்லை. ‘சர்ஃபின் யூ.எஸ்.ஏ.’ ஆல்பத்தின் 12 தடங்களில் ஐந்து கருவியிசை. அவற்றில் ‘மிஸிர்லூ’வும் ‘லெட்ஸ் கோ ட்ரிப்பின்’னும் உண்டு. ஆனால் வானொலிக்கு வேண்டியது வரிகள். அலை, பலகை, பெண், கார் என்று பெயர் சொல்லிப் பாடிய பிறகு ‘சர்ஃப்’ என்பது வாசிப்புமுறையைக் குறிப்பது நின்று, பாடுபொருளைக் குறிக்கத் தொடங்கியது.

ஏன் 1964இல் சரிந்தது?

1964 பிப்ரவரி 9 அன்று பீட்டில்ஸ் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றினார்கள், சர்ஃப் செத்தது என்று சொல்வது வழக்கம். பாதி உண்மை. காரணங்களை இப்படி அடுக்கலாம்.

1. இசைத்தட்டு நிறுவனங்கள் பெயரை அளவுக்கு மீறி விற்றன. அலைச்சறுக்கு வாடையே இல்லாத குழுக்களின் தட்டுகளிலும் ‘சர்ஃப்’ என்று அச்சிட்டார்கள். கடற்கரைப் படங்கள் வரிசையாக வந்தன. பெயர் ஒரு கோடைக்கால மோகத்தோடு கட்டப்பட்டதால் மோகம் போனபோது இசையும் பழையதாகத் தோன்றியது.

2. சந்தையே தாவியது. 1963 முடிவதற்குள் கார்ப் பந்தயப் பாடல்கள் வந்துவிட்டன. டேலே அந்த ஆண்டு கார் ஆல்பம் வெளியிட்டார். கிட்டார் அதே கிட்டார், அட்டைப்படம் மட்டும் வேறு.

3. பீட்டில்ஸ் கொண்டுவந்தது பாடும் குழு என்ற அமைப்பு. தாங்களே எழுதி, தாங்களே பாடி, முகம் காட்டும் நால்வர். பாடாத குழுக்கள் ஒரே நாளில் பழைய காலத்து ஆட்கள் ஆயின. பீச் பாய்ஸும் பீட்டில்ஸும் அமெரிக்காவில் ஒரே கேபிடல் நிறுவனத்தின் கலைஞர்கள். பாடத் தெரிந்த பீச் பாய்ஸ் தப்பித்து 1966இல் ‘பெட் சவுண்ட்ஸ்’ வரை போனார்கள்.

4. வாசித்தவர்களின் வயது. பள்ளி முடிந்தது, கல்லூரி, வேலை, ராணுவம் என்று குழுக்கள் கலைந்தன.

என் கணிப்பில் இவற்றில் முதலாவதுதான் அடிப்படை. பெயரின் பாரமில்லாத இடங்களில் அதே ஒலி இன்னும் பல ஆண்டுகள் செழித்தது. அதற்கு ஆதாரம் கடல் தாண்டிக் கிடைக்கிறது.

கடல் தாண்டிய பயணம்

ஜப்பானில்தான் மிகப் பெரிய அறுவடை. 1965 ஜனவரியில் வென்ச்சர்ஸ் சுற்றுப்பயணம் போனபோது ‘எலெகி’ எனப்பட்ட மின்கிட்டார் மோகம் வெடித்தது. தந்தியின் மேல் விரைந்து இறங்கும் அந்தத் தட்டலை அவர்கள் ‘தெகெ தெகெ’ என்றே அழைத்தார்கள். பையன்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சில பள்ளிகள் மின்கிட்டாருக்குத் தடை போட்டன. தகேஷி தெராவுச்சி ஜப்பானிய நாட்டுப்புற மெட்டுகளை அதே வேகத்தில் வாசித்தார். வென்ச்சர்ஸ் அமைத்த மெட்டுகளுக்கு ஜப்பானிய வரிகள் எழுதப்பட்டு உள்ளூர்ப் பாடகிகளின் வெற்றிப் பாடல்களாயின. சொந்த நாட்டில் மறக்கப்பட்ட குழு அங்கே பல பத்தாண்டுகள் வருடந்தோறும் அரங்குகளை நிரப்பியது.

தென்கிழக்கு ஆசியாவில் கதை கொஞ்சம் வேறு. சிங்கப்பூரின் க்வெஸ்ட்ஸ், தாய்லாந்தின் கிட்டார் குழுக்கள் ஆகியோருக்கு முன்மாதிரி பிரிட்டனின் ஷேடோஸ். 1960இல் ‘அப்பாச்சி’ வாசித்தவர்கள். அவர்கள் பயன்படுத்தியது சுருள்கம்பி அல்ல, ஒலிநாடா எதிரொலி, தட்டலும் நிதானமானது. அதை சர்ஃப் என்று சொல்வது காலவழு. இரண்டு ஓடைகளும் பல ஊர்களில் கலந்தன என்பது மட்டும் உண்மை.

எனக்கு மிகவும் பிடித்தது பெருவின் கிளை. லிமாவில் என்ரிக்கே டெல்காடோ தொடங்கிய லோஸ் டெஸ்டெயோஸ், அமேசான் காட்டு நகரான புகால்பாவின் ஹுவானேகோ குழு, லோஸ் மிர்லோஸ் ஆகியோர் கொலம்பிய கும்பியா தாளத்தின் மேல் ஆண்டிய மலைமக்களின் ஐந்து ஸ்வர மெட்டுகளை ரிவெர்ப் கிட்டாரில் வாசித்தார்கள். பிறகு ‘சிச்சா’ என்று அறியப்பட்ட இந்த இசையில் அலையும் இல்லை, பலகையும் இல்லை. ஆனால் கிட்டார் சொட்டுகிறது.

பங்க், 1994, அதற்குப் பிறகு

1977இல் ரமோன்ஸ் என்ற பங்க் குழு ‘சர்ஃபின் பேர்ட்’டை மறுபதிவு செய்தது. பங்க் என்பது எளிமையான, அதிவேகமான ராக். ஃபெண்டர் தொழிற்சாலை இருந்த அதே ஆரஞ்சு கவுண்டியில் 1980ஐ ஒட்டி ஏஜெண்ட் ஆரஞ்ச் என்ற பங்க் குழு சர்ஃப் மெட்டுகளைத் தன் வேகத்தில் வாசித்தது. மூன்று ஸ்வரக்கூட்டு, அதிவேகத் தட்டல், கேரேஜில் பயிற்சி எடுக்கும் பையன்கள் என்று பார்த்தால் பங்குக்கும் சர்ஃபுக்கும் இடையில் தூரம் அதிகமில்லை. ஜான் அண்ட் த நைட்ரைடர்ஸ் போன்றவர்கள் பழைய கருவிகளைத் தேடிப் பிடித்து அசலை மீட்டார்கள்.

1994இல் ‘பல்ப் ஃபிக்‌ஷன்’ வந்தது. கடற்கரையே வராத, லாஸ் ஏஞ்சல்ஸ் குற்றவாளிகளைப் பற்றிய படத்தில் ‘மிஸிர்லூ’வோடு லைவ்லி ஒன்ஸ், டோர்னேடோஸ் போன்றோரின் தடங்களும் இடம்பெற்றன. முப்பது ஆண்டுகளாக ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டு, இந்த இசையின் உள்ளே இருந்த மிரட்டலைப் படத்தின் இயக்குநர் டாரண்டினோ வெளியே காட்டினார். டேல் மறுபடி உலகம் சுற்றினார்; 2019இல் இறக்கும் காலம்வரை மேடையேறினார். 2005இல் ப்ளாக் ஐட் பீஸ் அதே கிட்டாரை ‘பம்ப் இட்’ பாட்டுக்கு எடுத்தாண்டது. இன்றைய இளைஞர்களில் பலருக்கு மெட்டு அறிமுகமானது அப்படித்தான்.

இன்று கருவியிசை சர்ஃப் உலகெங்கும் சிதறிய சிறு ரசிகர் கூட்டத்தின் இசை. அலபாமாவின் மேன் ஆர் ஆஸ்ட்ரோ‑மேன் விண்வெளிக் கதைகளோடு வாசித்தது. நாஷ்வில்லின் லோஸ் ஸ்ட்ரெயிட்ஜாக்கெட்ஸ் மெக்சிகோ மல்யுத்த முகமூடி அணிந்து மேடையேறுகிறது. ஃபின்லாந்திலிருந்து 2008 வரை வாசித்த லைகா அண்ட் த காஸ்மோனாட்ஸ், ரஷ்யாவிலிருந்து மெஸர் சப்ஸ், இத்தாலியின் லிவோர்னோவில் ஆண்டுதோறும் ஒரு விழா. இவர்கள் பேசிக்கொள்வதில் பாதி எந்த ரிவெர்ப் பெட்டி, எந்தச் சுருள், எந்த வால்வு என்பதாகவே இருக்கும்.

மூன்றாம் வகை பற்றி ஒரு வார்த்தை. 2009ஐ ஒட்டி வேவ்ஸ், பெஸ்ட் கோஸ்ட், த ட்ரம்ஸ் போன்ற குழுக்களுக்கு ‘சர்ஃப்’ முத்திரை குத்தப்பட்டது. அங்கே ரிவெர்ப் பெரும்பாலும் குரலின் மேல் படர்ந்து வரிகளை மங்கலாக்குகிறது. பிக் உருட்டல் இல்லை, உடைந்த இரண்டாம் தட்டு எப்போதாவதுதான் வரும், மெட்டு பீச் பாய்ஸ் பக்கம் சாய்ந்தது. நல்ல பாடல்கள் அவற்றில் உண்டு. ஆனால் இணையத்தில் ‘சர்ஃப் ராக்’ என்று தலைப்பிட்ட பாடல் வரிசைகளில் இவர்களும் 1963ஆம் ஆண்டுப் பையன்களும் அடுத்தடுத்து வந்தால், காதைக் குரலிலிருந்து எடுத்து ஸ்னேர் டிரம்மின் மேல் வையுங்கள். எது எந்த வகை என்று அரை நிமிடத்தில் தெரிந்துவிடும்.